கட்டிலுக்குப் போன ஆராதனை

கொச்சி மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் மைக் பார்க்கிற வேலை எனக்கு வந்ததற்குக் காரணம், நான் டெலிபோன் லைன் வேலைக்காரன் என்பதுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கேபிள் குழி தோண்டும் ஆட்களோடு சேர்ந்தேன். பிறகு ஜாயின்ட் போடக் கற்றேன். செம்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்தபோது அதையும் கற்றுக்கொண்டேன். வயர் தெரிந்தவனுக்கு மைக்கும் தெரியும் என்று சபையார் முடிவு செய்தார்கள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. மைக் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனை யாரும் எழுந்து நின்று சாட்சி சொல்ல அழைப்பதில்லை.

இருபது வருஷம் அப்படியே போயிற்று. மனைவி ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள். மகள் தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவாள். கடல் பொங்கும் வேலியேற்ற நாட்களில் தண்ணீர் தெருவுக்குள் ஏறும்போது, கட்டிலையும் பீரோவையும் தூக்கி உயரத்தில் வைக்க சபை ஆண்கள் வீடு வீடாகப் போவோம். அதற்குப் பேச்சு தேவையில்லை என்பதால் நானும் முன்னால் நிற்பேன்.

சபையில் முதல் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் ஓர் அக்கா. இறால் உரிக்கும் கம்பெனியில் வெகுகாலம் வேலை பார்த்தவர். கணவர் இல்லை. மகனோடும் மருமகளோடும் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் குடியிருந்தார். மருமகள் மலையாளி. ஞாயிறு காலையிலேயே தன் மலையாளச் சர்ச்சில் குர்பானை பூசை கண்டுவிட்டு வந்துவிடுவாள். போன மழைக்காலத்தில் அக்கா மாடிப் படியில் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷனுக்குப் பிறகும் நடக்க முடியவில்லை. செங்குத்தான மரப்படி என்பதால் தூக்கி இறக்கவும் வழியில்லை.

ஆராதனையைப் போன் வழியாக அவருக்குக் கேட்க வைக்க முடியுமா என்று போதகர் என்னிடம் கேட்டார். என் போனை மைக் பெட்டியோடு இணைத்தேன். ஞாயிறு பத்து மணிக்கு நான் அழைப்பேன். மருமகள் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, தலையணைக்குப் பக்கத்தில் வைப்பாள். கேட்கிறதா என்பேன், கேட்கிறது என்பார். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

என் கையால் ஆன ஊழியம் என்று அதில் எனக்குப் பெருமை இருந்தது. விழுந்த புதிதில் சிலர் அக்கா வீட்டுக்குப் போய் வந்தார்கள். போன் வந்த பிறகு அது நின்றுபோனது. அக்காதான் ஆராதனையில் இருக்கிறாரே என்று எல்லோரும் நினைத்தோம். வாராவாரம் நோயாளிகள் பெயரை வாசித்து ஜெபிக்கும்போது அவர் பெயரும் வரும். நானும் அந்தப் படி ஏறவில்லை.

மூன்று மாதம் கழித்து, அக்கா போனிலேயே ஒரு பாட்டுப் பாடட்டும் என்று பெண்கள் ஆசைப்பட்டார்கள். அந்த ஞாயிறு அவர் குரல் சபைக்குள் கேட்கும்படி குமிழைத் திருப்பி வைத்தேன். படுத்தபடியே பாடினார். மூச்சு வாங்கியது, ராகம் தப்பவில்லை. பெண்கள் பக்கம் அழுகைச் சத்தம். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துடைத்த கையால் குமிழைக் குறைக்க மறந்துவிட்டேன்.

போதகர் நோயாளிகள் பெயரை வாசித்தார். அக்கா பெயர் மூன்றாவது. எல்லோரும் தலை குனிந்திருந்தபோது, இரண்டு ஸ்பீக்கர்களிலும் அக்கா மருமகளிடம் பேசுவது கேட்டது.

"பேர வாசிச்சாச்சு. இனி அடுத்த ஞாயித்துக்கெழமதான் நெனப்பு வரும். மூணு மாசமா ஒருத்தராவது இந்தப் படி ஏறினாவளா? பாட்டு மட்டும் வேணுமாம். அந்த மைக்குக்காரன் கேக்குதா அக்கான்னு கேக்கது, நான் இருக்கேனா செத்தேனான்னு பாக்கத்தான்."

மருமகள் சிரித்துக்கொண்டே, சும்மா இருங்கள் என்று சொன்னதும் கேட்டது. நான் குமிழைப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போதகருக்கு எந்தப் பெயரில் விட்டோம் என்று தெரியவில்லை. அக்கா பெயரையே மறுபடி வாசித்தார்.

ஆராதனை முடிந்து வெளியே சாயா குடிக்கும்போது, ஜெபிக்கிறவர்களை இப்படிப் பேசலாமா என்று சிலருக்குக் கோபம். ஒரு பெரியவர் இனி அந்தப் போனே வேண்டாம் என்றார். அக்காவுக்குத் தெரிந்தால் வெட்கப்பட்டு சபையையே விட்டுவிடுவார், அதனால் யாரும் சொல்ல வேண்டாம் என்று போதகர் கேட்டுக்கொண்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "யாராவது அவங்க காதுல போடத்தான் போறாங்க. அது நீங்களா இருந்தா அவங்களுக்கு மரியாதை" என்றாள்.

மறுநாள் தோப்பும்படியில் வேலை முடித்து, மாலையில் கருவிப் பையோடு அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த மருமகளுக்கு என் குரல் தெரியும், முகம் தெரியாது. நெட் கம்ப்ளெய்ன்ட் நாங்கள் கொடுக்கவில்லையே என்றாள். உள்ளிருந்து அக்காதான் அடையாளம் கண்டு கூப்பிட்டார்.

நடந்ததைத் தரையைப் பார்த்தபடி சொன்னேன். யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார். எல்லோரும் என்றேன். சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"இனி அவங்க முன்னால நான் எப்படி வாயத் தொறப்பேன்?"

"நீங்க சொன்னதுல பொய் இல்லக்கா. என்னச் சொன்னதும் சரிதான்."

தலைப்பை விலக்கினார். "வாராவாரம் கூப்பிட்ட ஒன்ன மட்டும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனாலும் இந்தப் படிய ஏற ஒனக்கு மூணு மாசம் ஆச்சு இல்லியா?" என்றார். பிறகு, இந்த வீட்டில் தமிழ் வாசிக்க ஆளில்லை, தனக்குக் கண் மங்கல் என்று சொல்லி பைபிளில் ஒரு சங்கீதம் வாசிக்கச் சொன்னார். எழுத்துக் கூட்டித்தான் எனக்கு வாசிக்க வரும். நான் திக்கிய இடத்தில் எல்லாம் அவரே மனப்பாடமாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறை மருமகள் எடுத்து, அம்மாவுக்குப் போன் வேண்டாமாம் என்று சொல்லி வைத்துவிட்டாள். போதகர் மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். கூட்டத்தில் எழுந்து நின்று பேசியது எனக்கு அதுதான் முதல் தடவை. போனதையும், அக்காவிடம் சொல்லிவிட்டதையும், அவர் போனை மறுத்துவிட்டதையும் சொன்னேன். வேறொன்றும் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

ஆராதனை முடிந்து ஏழு பேர் போனோம். போதகரும் வந்தார். கோபப்பட்ட பெரியவர் வரவில்லை. மரப்படி தாங்குமோ என்று ஒவ்வொருவராக ஏறினோம். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். பிறகு அக்கா மெல்லத் திரும்பி, முன்னால் நின்ற பெண்ணிடம், உன் வீடு இரண்டு தெரு தள்ளித்தானே, ஏன் வரவில்லை என்று கேட்டார். அடுத்தவரையும் கேட்டார். போதகரையும் விடவில்லை. அவர், மன்னிச்சிடுங்கம்மா என்றார். ஒவ்வொருவராகக் கேட்டு முடிக்க அரைமணி நேரமானது. பிறகு மருமகளைக் கூப்பிட்டு எல்லோருக்கும் சாயா போடச் சொன்னார். அதன் பிறகுதான் நான் கதவை விட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன்.