ஒருவர் மட்டும் பார்க்கும் குழாய்

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் எஃகு வார்க்கும் ஒரு பவுண்டரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். உருகிய எஃகின் மேல் கசடு மிதக்கும். அது எந்தச் சூட்டில் இளகும் என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. கசடைப் பொடித்து, மிளகளவு தூணாக அழுத்தி, சிறிய மின் உலைக்குள் வைப்பேன். உலைக்கு ஒரு பக்கம் விளக்கு, எதிர்ப்பக்கம் மைக்ராஸ்கோப். சூடு ஏற ஏறத் தூணின் நிழல் முனை மழுங்கும், இட்லி போல உப்பும், கடைசியில் படிந்து பரவும்.

இதைப் பார்க்க அறை இருட்டாக இருக்க வேண்டும். மைக்ராஸ்கோப் குழாயில் ஒரு கண்ணை மட்டும்தான் வைக்கலாம். நான் பார்ப்பதை அதே நேரத்தில் இன்னொருவர் பார்க்க வழியே கிடையாது. மேலாளர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் என்னிடம் மரியாதையாகத்தான் இருந்தார்கள். "மேடம் சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்பார்கள், ஆனால் ஒருவரும் வந்து எட்டிப் பார்க்க மாட்டார்கள். அந்த மரியாதை என்னைத் தனியாக்கியது போல வேறெதுவும் தனியாக்கவில்லை. அங்கே நான் ஒருத்திதான் பெண். சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். அதனால் டிபன் பாக்ஸை இருட்டறையிலேயே திறப்பேன். சில நாள் தூணோடு பேசியிருக்கிறேன். சிரிக்காதீர்கள், அதுவாவது அசைந்து கொடுக்கும்.

தாராபுரத்துப் பக்கம் விவசாயம் பார்த்துவந்த அப்பா ஒருநாள் காலை பஸ் ஏறி வந்தார். எனக்கு நல்ல இடம் ஒன்று வந்திருந்தது. பெண் வேலையை விட்டுவிட வேண்டுமாம். சாயங்காலத்துக்குள் பதில் சொல்வதாக அப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருந்தார்.

"என்ன வேலை அம்மணி இது, இருட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு?"

"ஒரே ஒரு தடவ பாருங்கப்பா. பாத்துப்போட்டு நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறனுங்க."

துணிந்து சொல்லிவிட்டேன். ஆனால் அன்று உலையில் இருந்தது புதுக் கலவைக் கசடு; எப்போது இளகும் என்று கணக்குதான் போட்டிருந்தேன், பார்த்ததில்லை. சூடு பாதிக்குமேல் ஏறியிருந்தது. அப்பாவை ஸ்டூலில் உட்கார வைத்து, முனை மழுங்கும், இட்லியாகும், பரவும் என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தேன். நான் சூடு காட்டும் மீட்டர் முன்னால் நின்றுகொண்டேன். தோள் துண்டை மடியில் போட்டுக்கொண்டு குனிந்தவர் நிமிரவே இல்லை. என் வேலையை ஒருவர் அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. முள் நான் கணக்குப் போட்டிருந்த இடத்தைத் தாண்டியது.

"உருகுதுங்களாப்பா?"

அப்பா மறு கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னும் குனிந்தார்.

"உருகுது கண்ணு. நீ சொன்னாப்பலயே இட்லியாட்டம் ஆயிப்போச்சு."

"பரவுதுங்களா?"

"பரவிப்போச்சு." நிமிர்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ இங்கயே இரு அம்மணி. அவங்ககிட்ட நான் சொல்லிப்போடறேன்."

கால் தரையில் பாவவில்லை எனக்கு. உலையை அதே சூட்டில் நிறுத்திவிட்டு, கேட் வரை போய் அவரை வழியனுப்பினேன். திரும்பி வந்து குழாயில் கண் வைத்தேன்.

தூண் அப்படியே நின்றுகொண்டிருந்தது. முனைகூட மழுங்கவில்லை. உருகிப் பரவிய தூண் மறுபடி எழுந்து நிற்காது.

உலையிலும் கோளாறில்லை, குழாயிலும் கோளாறில்லை. புதுக் கலவை அந்தச் சூட்டுக்கு இளகவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கு அதுவும் ஒரு விடை. இந்தக் கலவை வேண்டாம் என்று சொன்னால் என் வேலை முடிந்தது. அப்பாவுக்கு அது எப்படித் தெரியும்? மகள் சொன்ன எதுவும் நடக்காமல், அசையாத ஒரு நிழலையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். அதை முகத்துக்கு நேரே சொல்ல மனம் வராமல், நல்ல இடத்தையும் வேண்டாமென்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

கேட்டுக்கு ஓடினேன். பஸ் போய்விட்டிருந்தது.

கல் போன்ற தூண் இளகுவதைத் தன் கண்ணால் பார்த்ததாக ஊரில் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டுவேன். உருகாததும் சரிதானுங்கப்பா என்று சொல்ல எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. சொன்னால் அவர் சொன்ன பொய் வெளியே வந்துவிடும். என்னோடு அந்த அறையில் உட்கார்ந்த ஒரே ஆள் அவர்தான். நான் என்ன வேலை செய்தேன் என்பது அவருக்கும் தெரியாமலே போனது.