டேப் மேல் போட்ட பழி

என் அக்கா வீட்டுக்காரர் தையல்காரர். ஒரு முறை அளந்தால் அளந்ததுதான். முப்பது வருடத்தில் ஒரு சட்டைகூட அளவு தப்பித் திரும்பி வந்ததில்லை என்று யாரும் கேட்காமலேயே சொல்வார். அந்தப் பெருமைக்குத்தான் போன மாதம் கண்டம் வந்தது.

முதலில் நீண்டது அவருடைய சட்டைதான். தன் அளவுக்குத் தானே தைத்தது தொடையைத் தொட்டது. அளவு நோட்டில் அவருடைய சட்டை உயரம் இருபத்தொன்பது அங்குலம். கண்ணாடி முன் நின்று டேப் பிடித்தால் இருபத்தேழரை. நோட்டு பொய் சொல்லாது, அவரும் தப்பு செய்ய மாட்டார். மிச்சம் இருந்தது வாயில்லாத டேப் மட்டும்.

"பழைய டேப் மாப்ள. இழுத்து இழுத்து நீண்டுடுச்சு. அதான் அளவைக் கம்மியா காட்டுது."

"புதுசு வாங்குங்களேன் மாமா."

"கைராசியான டேப். ஒன்றரை இஞ்ச் கூட்டி வெட்டிட்டா தீர்ந்தது."

கூட்டி வெட்டினார். முதல் பலி நான். என் புதுச் சட்டையைப் பார்த்து அலுவலகத்தில், பேன்ட் போட மறந்துவிட்டீர்களா என்று விசாரித்தார்கள். அடுத்து, கிடங்குக் காவலாளிகள் பன்னிரண்டு பேர் புதுச் சீருடையோடு கடை வாசலில் வந்து நின்றார்கள்.

"இதைப் போட்டுக்கிட்டுத் துரத்தினா திருடன் சிரிச்சே விழுந்துடுவான்," என்றார் அவர்களின் தலைவர்.

"அப்ப பிடிக்கிறது சுலபம்தானே," என்றார் மாமா.

பன்னிரண்டு சட்டையும் திரும்பி வந்தன. மாமா அன்று சாப்பிடவில்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்:

"டேப் நீண்டிருந்தா உங்க பேன்ட்டும்ல நீண்டிருக்கணும்? அது சரியாத்தானே இருக்கு?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு டேப்பை எடுத்து அவர் காலை அளந்தாள். நோட்டில் இருந்தபடியே முப்பத்தொன்பது. கழுத்திலிருந்து சட்டை முடிய வேண்டிய இடம் வரை அளந்தாள். இருபத்தேழரை.

"டேப் நீளலைங்க. நீங்கதான் குறைஞ்சிருக்கீங்க."

ஆறு மாதமாகவே அவருக்கு முதுகு வலி. குனிந்து தைக்கிறவனுக்கு முதுகு வலிக்காமல் பல்லா வலிக்கும் என்று சொல்லிவிடுவார். மறுநாள் டாக்டரிடம் இழுத்துப் போனோம். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு மூன்று இடத்தில் நசுங்கியிருந்தது.

"எங்கேயாவது விழுந்தீங்களா?"

"இல்ல டாக்டர். இஸ்திரிப் பெட்டியைத் தூக்குறப்ப ஒரு தடவை மளுக்குன்னுச்சு. தும்முறப்ப ஒரு தடவை."

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றதும் மாமா ஒரு சீட்டை நீட்டினார். மூச்சிளைப்புக்கு ஐந்து வருடம் முன்பு வேறொரு டாக்டர் எழுதிய ஸ்டீராய்டு மாத்திரை. மடிப்பில் கிழிந்த சீட்டை அடியில் துணி கொடுத்து மெஷினில் தைத்து வைத்திருந்தார்.

"பத்து நாளைக்குன்னுதானே எழுதியிருக்கு?"

"மூச்சு நல்லா விட முடிஞ்சுது டாக்டர். முகம்கூட பூசின மாதிரி ஆச்சு."

அந்த உருண்டை முகத்தைப் பார்த்துத்தான் ஊரே அக்காவின் சமையலைப் புகழ்ந்துகொண்டிருந்தது. அக்கா தரையைப் பார்த்தாள்.

"இவ்வளவு நாள் சாப்பிட்டா எலும்பு பலம் போயிடும். ஊருக்கே அளவு பார்க்கிறவர் இதுக்கு அளவு பார்க்கலையே," என்றார் டாக்டர்.

"இப்பவே தூக்கிப் போட்டுடறேன்."

"கூடவே கூடாது. சட்டுன்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. நான் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்."

"தையல் பிரிக்கிற மாதிரி," என்று மாமா முனகினார்.

எலும்புக்கு ஒரு மருந்தும், மூச்சுக்கு உள்ளே இழுக்கிற இன்ஹேலரும் வாங்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினோம். எனக்கு அவர்மேல் கோபம். அதில் பாதி பயம். மாமா நோட்டைத் திறந்து தன் பக்கத்தில் இருபத்தொன்பதை அடித்தார். அந்த நோட்டில் எல்லார் அளவும் பேனாவில்தான் இருக்கும். இருபத்தேழரையை மட்டும் பென்சிலால் எழுதினார்.

"எதுக்குப் பென்சில்?" என்றாள் அக்கா.

"இன்னும் குறைஞ்சா அழிச்சு எழுதணும்ல."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு பேனாவைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதுலயே எழுதுங்க."

மாமா எழுதினார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக, எழுதுவதற்கு முன் இன்னொரு முறை அளந்துகொண்டார்.