ஜமாலின் தமிழ்த் தேதி

தேக்கா சந்தையில் தே தாரிக் என்னும் பால் தேநீரை ஆற்றுகிற வாசனைக்கு நடுவே இன்று காலை கைப்பேசி அதிர்ந்தது. என் இணையதளம் மறுபடியும் சிவப்பு. எந்த மென்பொருளும் யார் யாரோ எழுதிய சிறு நிரல்களின்மேல்தான் நிற்கிறது. அவற்றில் ஒன்று புதுப்பிக்கப்பட்டாலும் தானியங்கி எல்லாவற்றையும் சேர்த்து ‘பில்ட்’ செய்து பார்க்கும். பொருந்தாவிட்டால் சிவப்பு காட்டும்.

எனக்குச் சிவப்பு என்றாலே தே வாசனைதான். டோபி காட் அலுவலகத்தில் நான் சேர்ந்த புதிதில் ஒரு விதி இருந்தது: பில்டை உடைத்தவர் எல்லாருக்கும் தே வாங்க வேண்டும். தே ஊற்றிக் கயிறு கட்டிய பிளாஸ்டிக் பைகள் இரு கைகளிலும் தொங்க, என்னோடு வேலைபார்த்த ஜமால் படியேறி வருவான்.

“புதுசு வந்தா ஒடனே போட்டுப் பாத்துடணும் லா.”

“பாருடா, நல்லாப் பாரு. எங்களுக்கும் தே வேணும்ல” என்போம்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? நான் வாங்கித் தந்த தேநீரையும் அவர்கள் நிறையக் குடித்திருக்கிறார்கள்.

நான் ஒரு தேதிப் பைத்தியம். லிட்டில் இந்தியாவில் மூடப்படும் கடைகளைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றத் தொடங்கியபோது, தேதியைத் தமிழ் மாதத்தில் காட்டும் சிறு நிரலை ஜமால்தான் எழுதித் தந்தான்.

இப்போது பொருந்தாமல் நிற்பது அதுதான். இத்தனை நாள் புதுப்பிப்புகளை ஒதுக்கியே ஓட்டிவிட்டேன். தளத்தை வைத்திருக்கும் நிறுவனம் இனிப் பழையவற்றை ஏற்காதாம். நானே சரிசெய்யப் பார்த்தேன்; ஓரிடத்தில் ஒட்டினால் வேறிடத்தில் பிய்ந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஈசூனுக்குப் போனேன். ஆட்குறைப்புக்குப் பிறகு ஜமால் அங்கே டெலிவரி வேன் ஓட்டுகிறான். அவன் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்தோம்.

“ஒரே ஒரு தடவ பாத்துக் குடுடா.”

“எல்லாம் மறந்துபோச்சு மச்சான். கம்ப்யூட்டரையே வித்துட்டேன். தூக்கிடு லா.”

“தூக்கினா தமிழ்த் தேதி போயிடும்டா.”

“அத யாரு பாக்குறா?”

நான் பணப்பையை எடுத்ததும் கையைத் தட்டிவிட்டான்.

“நான் எழுதுனதுதானே ஒடஞ்சுது? தே நான்தான் வாங்கணும்.”

இன்று காலை, தே ஆறுவதற்குள் மடிக்கணினியைத் திறந்து அவன் நிரலை நீக்கினேன். சற்று நேரத்தில் பச்சை வந்தது. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பஃபலோ ரோட்டுக் கேசட் கடை ஆனிக் கடைசியில் மூடியது. இனி அந்தப் படத்துக்குக் கீழே வெறும் ஜூலை.