கடல் தாண்டாத அத்தை

பிள்ளைத்தாய்ச்சி கடல் தாண்டக் கூடாது என்பது பாம்பனில் எங்கள் வீட்டுச் சட்டம். தாண்டினால் வயிற்றுப் பிள்ளையைக் கடல் கேட்டுவிடுமாம். நாங்கள் இருந்தது தீவில். பெரிய ஆஸ்பத்திரியோ பாலத்துக்கு அந்தப்புறம், ராமநாதபுரத்தில். இதில் கூத்து என்னவென்றால், அம்மாவின் தம்பியான மாமாவுக்கு ரயில்வேயில் வேலை. பாலமேறும் ரயிலுக்கெல்லாம் கொடி காட்டுகிற மனிதர், தன் பெண்டாட்டியை அதில் ஏற்ற மாட்டார்.

அத்தைக்கு ஆறாவது மாதம். கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து நின்றாள். சேலையெல்லாம் ஈரம். குடத்துத் தண்ணீரை மேலே கொட்டிக்கொண்டாள் என்று நினைத்து நான் சிரித்தேன். மருத்துவச்சி வந்து பார்த்தாள்; அவள் முகம் சுண்டிவிட்டது.

"பனிக்குடம் உடைஞ்சு போச்சு. நோவையும் காணோம். ராமநாதபுரத்துக்குக் கொண்டு போயிருங்க."

"வயித்துப் பிள்ளையோட கடலைத் தாண்டவா? நல்லாச் சொன்ன போ!" என்றாள் அம்மா.

மாமா அக்கா பேச்சைத் தட்டாதவர். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அத்தைதான் அம்மாவின் கையைப் பிடித்து, "கொண்டு போங்க மதினி, பயமா இருக்கு" என்று அழுதாள்.

நோவு வரட்டும் என்று காத்திருந்தார்கள். நோவுக்கு முன்னால் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாய்க் கொதிக்க, அத்தைக்குப் பல்லோடு பல் அடித்துக்கொண்டது. அறையில் ஒரு வாடை; அது தெரியாமலிருக்க சாம்பிராணி போட்டார்கள். கடைசியில் பிள்ளை பிறந்தது, உயிரில்லாமல்.

இனி என்ன தடை? வயிற்றில்தான் பிள்ளை இல்லையே! காலை ரயிலில் அத்தையை ஏற்றினார்கள். விட்டுப்போக ஆளில்லாமல் என்னையும் கூட்டிப்போனார்கள். பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது நான் ஜன்னலோரம் கைதட்டினேன். அம்மா மடியில் கிடந்த அத்தை கண்ணைத் திறக்கவேயில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் அத்தை போய்விட்டாள். டாக்டரம்மா வெளியே வந்து கத்தினார்.

"தண்ணி உடைஞ்ச அன்னைக்கே ஏன் கொண்டு வரல? விஷம் ரத்தத்துல ஏறிருச்சே! பிள்ளை பிழைக்காட்டியும் தாய் பிழைச்சிருப்பாளே!"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பிள்ளைக்கு ஆகாதுன்னுதாம்மா கடல் தாண்டல."

கத்திக்கொண்டிருந்த டாக்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தனை படித்தவரையே அம்மா ஒரே பேச்சில் மடக்கிவிட்டாள் என்று எனக்கு அப்போது பெருமை தாங்கவில்லை.