புத்தி மூன்று

போன ஞாயிற்றுக்கிழமை அசோக் நகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மகளும் அவளுடைய கல்லூரிக் கூட்டமும் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரம். அதற்குப் பலம் எவ்வளவு, புத்தி எவ்வளவு என்பதைப் பகடை சொல்லும். மீதியை நாம் பேசி நடிக்க வேண்டும். ஒரு பெண்ணுக்குப் புத்தி குறைவாக விழுந்தது. உடனே அவள் வார்த்தையை இழுத்து ஒரு மக்குக் குரல் போட்டாள். சமையலறையில் டிகாஷன் இறக்கிக்கொண்டிருந்த நான் ஃபில்டரும் கையுமாக ஓடிவந்து, வேண்டாம் என்று கத்தினேன்.

"அப்ப எப்படி பேசணும் அங்கிள்?" என்றாள். நான் சமையலறைக்கே திரும்பி ஓடினேன். இந்த வயதில் எனக்கு உள்ள ஒரே உடற்பயிற்சி இதுதான்.

டிகாஷன் வாசனையும் சேர்ந்துகொண்டு பழைய ஞாபகத்தைக் கிளப்பிவிட்டது. தொண்ணூறுகளில் இதே ஆட்டத்தை நாங்கள் ஆடியது மயிலாப்பூரில், ஸ்ரீராம் வீட்டில். ஆட்டத்தை நடத்துபவன் நசீர். துபாய் மாமா கொண்டுவந்த விதிப் புத்தகத்தைப் பாண்டி பஜாரில் ஜெராக்ஸ் எடுத்திருந்தான். பாதிப் பக்கங்களில் ஓரம் விழவில்லை. விழாத இடத்தில் நசீர் வைத்ததே சட்டம்.

பகடை மூன்றும் லூடோ டப்பாவிலிருந்து எடுத்தவை. மொசைக் தரையில் உருட்டினால் கட்டிலுக்கடியில் ஓடிவிடும். அதனால் டபராவில் போட்டுக் குலுக்கி உருட்டும் வேலையைப் பாச்சு அண்ணா எடுத்துக்கொண்டார். ஸ்ரீராமின் அண்ணன், முப்பது வயதிருக்கும். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. எதைச் சொன்னாலும் கடைசி வார்த்தையை இன்னொரு தரம், கொஞ்சம் மெதுவாகச் சொல்வார். சரியாகத்தான் வந்ததா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிற மாதிரி.

என் வீரனின் புத்திக்கு அவர் உருட்டியபோது மூன்று பகடையிலும் ஒன்று. மொத்தம் மூன்று, அதற்குக் கீழே எண்ணே கிடையாது. எனக்கு ஒரே குஷி. கோமாளித்தனத்துக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டதே! மறுவாரம் ஒரு குரலோடு வந்து, "கோட்டை பெரிசா இருக்கு... இருக்கு" என்றேன். நசீர் விழுந்து விழுந்து சிரித்தான். ஸ்ரீராம் சிரிக்கவில்லை.

"காபி கொண்டுவந்திருக்கேன்... வந்திருக்கேன்" என்று வாசற்படியில் குரல் கேட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குரலை நானே கண்டுபிடித்ததாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். பாச்சு அண்ணா என்னைப் பார்த்தார். டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனார். மறுவாரம் பகடை உருட்ட வரவில்லை.

"நீ பேசினதுகூடப் பரவால்லடா. அது தன் பேச்சுதான்னு அவனுக்குத் தெரிஞ்சுடுத்து" என்றான் ஸ்ரீராம். "வாரம் பூரா ஞாயித்துக்கெழமைக்காகக் காத்துண்டிருப்பான்."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம் என்கிறீர்கள். கேட்டால் என்னவென்று கேட்பது? நான் சொல்லித்தான் விஷயம் உறுதியாகும் என்று பயம். அதனால் புத்திசாலித்தனமாக வீரனை மாற்றினேன். அந்த வாரம் கோட்டைக் கதவு கேட்ட விடுகதையை வீரன் ஒரே மூச்சில் அவிழ்த்தான்.

"மச்சி, புத்தி மூணு. இவனுக்கு எப்படிடா தெரியும்?" என்று நசீர் தள்ளுபடி செய்தான். சரி, ஆளையே தீர்த்துவிடலாம் என்று அடுத்த வாரம் வீரனைப் பாதாளத்தில் குதிக்க வைத்தேன். பாதாளம் முழங்கால் ஆழம்தான் என்று நசீர் அறிவித்தான். அந்தப் பக்கத்திலும் ஓரம் விழவில்லையாம். தற்கொலைக்குக்கூட வழியில்லாத ஆட்டம்.

புத்தி மூணுன்னா அந்த மக்குக் குரல்தானே போடணும் என்று கடுப்பில் நான் கத்த, நசீரும் கத்தினான். "புத்தி கம்மின்னா பேச்சு இழுக்கணும்னு எந்தப் பக்கத்துல போட்டுக்கீது, காட்டு."

காட்ட முடியவில்லை. அன்று மயிலாப்பூர் லஸ்ஸிலிருந்து மேற்கு மாம்பலத்தில் என் வீடு வரை பஸ்ஸில் பொருமிக்கொண்டே போனேன். பாச்சு அண்ணாவுக்குச் சில்லறைக் கணக்கு வராது. வாசலில் கிடக்கும் செருப்பை வைத்து உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்வார். தெரியாததைத் தெரியும் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. நான் அதைச் சொல்லியே பிழைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு வீரனை என் சொந்தக் குரலில் பேசவிட்டேன். "எனக்கு இந்த வழி புரியல. யாராவது சொல்லுங்க, நான் முன்னாடி போறேன்." யாரும் சிரிக்கவில்லை. நசீர் தலையாட்டினான். ஸ்ரீராம் உருட்டிய பகடை ஒன்று கட்டிலுக்கடியில் ஓடியது. எப்போது வந்து நின்றாரோ, பாச்சு அண்ணா குனிந்து அதை எடுத்தார். டபராவில் போட்டார். பழையபடி அவரே குலுக்கப்போகிறார் என்று நினைத்தேன். டபராவை என் முன்னால் வைத்தார்.

"நீயே உருட்டு" என்றார்.

இன்னொரு 'உருட்டு'க்காகக் காத்திருந்தேன். அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

அப்பாவிடமும் பால்காரரிடமும் பழையபடிதான் பேசுகிறார் என்று ஸ்ரீராம் பிறகு சொன்னான். என் முன்னால் மட்டும் எல்லாம் ஒரே தரம். அந்த வீடு அடுக்குமாடியாகிவிட்டது. கட்டில் இருந்த இடத்தில் யாருடைய காரோ நிற்கிறது. நசீரின் ஜெராக்ஸ் தாள்களில் மை உதிர்ந்து, எல்லாப் பக்கமும் ஓரமாகிவிட்டது. போன வருஷம் ஸ்ரீராம் மகள் கல்யாணத்தில், தலை நரைத்த பாச்சு அண்ணா பந்தியருகே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்டியா" என்றார். இன்னொரு 'சாப்டியா'வுக்காக நான் நின்றுகொண்டே இருந்தேன்.