கேட்டுக்கு அடியில் போன மாவுத் தண்ணீர்

போன வருடம் ஐப்பசி மழைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. மதுரையிலிருந்து கீழக்குயில்குடி போகும் வழியில் நான் மாவு மில் நடத்துகிறேன். ஓவியம் படித்த பெண் ஒருத்தி குருணை அரைக்க வந்தாள். எதற்கு என்று கேட்டேன். பழைய வாய்க்கால் போன வழியில் மாவைத் தூவிக்கொண்டே கண்மாய் வரை நடக்கப் போகிறார்களாம். அந்த நடைதான் ஓவியமாம். நடக்கிறதுக்கெல்லாமா படிப்பு என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

வாய்க்கால் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. அது அடைபட்டதிலிருந்து, மழை வந்தால் எங்கள் தெருத் தண்ணீர் போக வழியில்லாமல் என் மில்லுக்குள்தான் வந்து நிற்கும். கண்மாய்க்கரை ஊரிலோ தண்ணீர் வராமல் வயலெல்லாம் தரிசு. மில் ஷட்டரை இறக்கிவிட்டு நானும் கிளம்பினேன்.

கண்மாய்க்கரை ஊர்ப் பெண்களும் வந்திருந்தார்கள். எருக்கஞ்செடிகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டே போனோம். எறும்புகள் பின்னாலேயே வந்தன. பாதி வழியில் புதிதாகப் போட்ட வீட்டுமனை பிளாட்டுகளும் அவற்றுக்கு ஒரு பெரிய கேட்டும் குறுக்கே நின்றன.

"இது பட்டா இடம்க்கா. சுத்திப் போங்க" என்றார் அங்கிருந்த சூப்பர்வைசர்.

கூட வந்தவர்களில் சிலர் சுற்றிப் போகத் திரும்பிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏந்தம்பி, தண்ணி சுத்தியா போகும்?" என்று கேட்டுவிட்டு கேட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்மாய்க்கரை ஊரிலிருந்து வெளியூர்களுக்கு நாற்று நடுகிற வேலைக்குப் போகும் ஒரு பெண்ணும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மிச்சமிருந்த மாவையெல்லாம் கொட்டி, வழி நெடுகக் கோலம் போட்டோம்.

பிளாட் பார்க்க ஆட்கள் வருகிற நேரம். சூப்பர்வைசர் செடிக்கு ஊற்றும் ஹோஸை இழுத்து வந்து கோலத்தின் மேல் தண்ணீரைத் திருப்பிவிட்டார். என் மாவு கண்முன்னே கரைந்ததைப் பார்த்து, சண்டைக்கு எழுந்தேன். பக்கத்தில் இருந்தவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"பொறுக்கா. தண்ணியப் பாரு."

கரைந்த மாவோடு தண்ணீர் பால் மாதிரி கேட்டுக்கு அடியில் நுழைந்தது. கிராவல் கொட்டி மூடியிருந்தும் தரை அங்கே பள்ளம்தான். எல்லைக் கற்களைத் தாண்டி, பிளாட்டுகளுக்கு நடுவே வளைந்து, நேரே கண்மாய்ப் பக்கம் ஓடியது. எங்களால் உள்ளே போய்ப் போட முடியாத வெள்ளைக் கோட்டைச் சூப்பர்வைசரே போட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கார் வந்தது. பிளாட் பார்க்க ஒரு கணவனும் மனைவியும் வந்து இறங்கினார்கள். இதென்ன என்று கணவர் கேட்டார்.

"வாய்க்கா சார். மழை வந்தா இம்புட்டு அகலத்துக்கு வரும்" என்று நான் கையை விரித்துக் காட்டினேன்.

அவர் மனைவி கம்பி வழியே எட்டிப் பார்த்தார். "ஏங்க, நாம கேட்ட பிளாட்டு மேலதான போகுது?" கார் வந்த வழியே திரும்பிவிட்டது.

கேட் இன்னும் இருக்கிறது. வாய்க்காலைத் திறந்துவிடச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம், அது ஆபீஸ் ஆபீஸாக அலைகிறது. அந்த மழைக்கும் என் மில்லுக்குள் தண்ணீர் வந்தது. ஆனாலும் மாதம் ஒரு முறை இரண்டு ஊர்ப் பெண்களும் மாவு தூவி நடக்கிறோம். கேட்டருகே ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, அது உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறோம்.

சுற்றிப் போகச் சொல்லி இப்போதும் விரட்டுகிறார்கள். தண்ணீர் போகிற வழியில் நிற்கும்போது நான் எதற்குச் சுற்ற வேண்டும் என்று அன்று ஏறிய திமிர், எனக்கு இன்னும் இறங்கவில்லை.