சித்தப்பாவின் கை நடுங்கவில்லை

என் சித்தப்பாவின் கைகளில் இல்லாத நடுக்கத்தை, இருப்பதாக அவரை நம்பவைத்தவள் நான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் புதிதாகக் கேமரா வாங்கியிருந்தேன். காமயகவுண்டன்பட்டியில் சித்தப்பாவின் திராட்சைத் தோட்டம். பந்தலுக்கு அடியில் அவர் குலை வெட்டுவதைப் படமெடுத்தேன். அருகில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றுபோலத் தெளிவாக விழ வேண்டுமென்று லென்சின் துளையை மிகச் சிறிதாக வைத்தேன். அப்படி வைத்தால் வெளிச்சம் குறையும், அதை ஈடுகட்ட ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாது.

படம் முழுவதும் கலங்கியிருந்தது. சித்தப்பா தன் கைகளை மட்டும்தான் பார்த்தார்.

“ஏத்தா, கை ஏன் இப்படி விழுந்திருக்கு?”

“நீங்க கைய ஆட்டிட்டீக, சித்தப்பா.”

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது... அவ்வளவுதான் காரணம்.

அவர் வெகுநேரம் கேமராவின் திரையையே பார்த்தார். “எங்க அய்யாவுக்கும் இந்த வயசுலதான் கை நடுங்க ஆரம்பிச்சது” என்றார்.

கொடிகளைக் கழித்துவிடும் அடுத்த கவாத்துக்கு அவர் கத்தரியைத் தொடவில்லை. முப்பது வருடமாகத் தன் கொடிகளைத் தானே வெட்டிவிட்டவர், ஆள் வைத்தார். வெட்டு ஒரு கணு தள்ளி விழுந்தாலும் காய்ப்புப் போய்விடுமே என்று பயந்தாராம். சித்தி சொன்னாள்.

அதைக் கேட்ட பிறகுதான் அந்தப் படத்தை மறுபடி திறந்தேன். அதற்குள் கேமரா கொஞ்சம் பிடிபட்டிருந்தது. ஷட்டர் கால் நொடி திறந்திருந்திருக்கிறது; அவ்வளவு நேரத்தில் கேமரா லேசாக ஆடினாலும் படம் கலங்கிவிடும். குலைகளும் கலங்கியிருந்தன, பந்தல் கம்பியும்தான். கம்பிக்கு ஏது நடுக்கம்? ஆடியது கேமரா பிடித்த என் கை.

சொல்லிவிடத்தான் போனேன். வாய் வரவில்லை. பதிலாக, ஷட்டரை வேகமாக வைத்து அவர் கைகளைப் படமெடுத்துக் காட்டினேன். ரேகைகூடத் தெளிவாகத் தெரிந்தது. பார்த்தாலே புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். கோழைத்தனம், வேறென்ன?

சித்தப்பா சிரித்தார். “ஆடுற கையவே ஆடாம எடுத்துட்டியே. நல்லாப் பழகிட்ட, ஆத்தா.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம், இல்லையா? பாராட்டை வாங்கிக்கொண்டு, காபி குடித்துவிட்டு வந்தேன்.

போன வாரமும் போயிருந்தேன். கவாத்து நடந்துகொண்டிருந்தது. பந்தலுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தக் கணுவில் வெட்ட வேண்டுமென்று நீளக் குச்சியால் ஆட்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் குச்சி ஒருமுறைகூட ஆடவில்லை.